நூரியின் முதுகும் கண்ணாடிச் சேணமும்

அன்புள்ள ஹாஜிரா, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நம் நூரி பத்து நாளாக முதுகைத் தொடவிடுவதில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் எதற்கும் குதிரையை அனுப்பவில்லை. மயிலாப்பூர் டாக்டர், "நாய், பூனைன்னா கொண்டாங்க பாய்" என்றார். தி.நகர் டாக்டர் குதிரையைப் பார்க்காமலே வலி மாத்திரை எழுதினார். நங்கநல்லூரில் சுளுக்கு எடுப்பவரைக் கூட்டிவந்தேன். அவர் கை வைத்ததும் நூரி உதைத்தது. அவர் விலகிவிட்டார், என் தொடையில் பட்டது. "இதுக்கு சுளுக்கு இல்ல பாய், கோவம் கீது" என்று சொல்லிப் போய்விட்டார். எனக்கு வீக்கம்தான், நடக்கிறேன். இவ்வளவு பெரிய ஊரில் குதிரைக்கு முதுகு பார்க்க ஆளில்லையா என்று எல்லோரையும் திட்டினேன்.

நேற்று குதிரை வைத்தியம் படித்த பிரிஸில்லா டாக்டரம்மா வந்தார். முதுகைத் தடவிப் பார்த்ததும் சேணத்தைக் கேட்டார். ஃபோட்டோவுக்கு எடுப்பாக இருக்குமென்று நான் வாங்கிய கண்ணாடி பதித்த சேணம். "என்ன பாய், இதுக்கு அளவு மாப்பிள்ளைக்கு எடுத்தீங்களா, குதிரைக்கு எடுத்தீங்களா?" என்றார். இரண்டுக்கும் எடுக்கவில்லை. அதன் உள்ளே இருக்கும் மரச்சட்டம் முதுகெலும்பை அழுத்தியிருக்கிறது. ஒரு மாதம் யாரும் ஏறக்கூடாதாம். அதன்பிறகும் பார்த்துத்தான் சொல்வாராம். என் மீதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அங்கே பரணில் இருக்கும் பழைய சேணம் வேண்டும், அதைப் பார்த்துத்தான் புதிது தைக்க வேண்டும். இரண்டு லுங்கியும் எலுமிச்சை ஊறுகாயும் வேண்டும். பார்சலில் போடாதே, நீயே கொண்டு வா. நூரிக்குத் தண்ணீர் காட்டும் நேரம், முடிக்கிறேன்.

ஹனீஃபா