இரண்டாம் வட்டு திறக்கவில்லை

நவம்பர் 10, திங்கள்

விடியலிலிருந்து மழை. கொடியில் மூன்று நாள் துணி, இன்னும் ஈரம். நேற்றைய வேட்டியே இன்றும்.

கூரியரில் பாலுவின் அழைப்பிதழ். தம்பிக்கு எழுபது. வெள்ளி காலை ஆறு மணி, அடையாறில் ஒரு மண்டபம். உறையின் மேல் என் பெயர் மட்டும். ‘குடும்பத்தினர்’ என்று போடவில்லை. சரிதான், குடும்பம் ஏது. மகள் வசந்தி புனேயில். சரசு போய் ஆறு வருடம்.

பதினெட்டு வருடமாக அவன் என்னோடு பேசுவதில்லை. சரசு போன அன்று வந்தான், தோள் கொடுத்தான், அப்போதும் பேசவில்லை. காரணம் என் அறுபதாம் கல்யாணம். கலசத் தண்ணீரை ஒவ்வொருவராக வந்து எங்கள் தலையில் ஊற்றும் நேரம். நான் பெயர் சொல்லச் சொல்ல வந்து ஊற்றினார்கள். அவன் பெயரை நான் கூப்பிடவே இல்லையாம். சாப்பிடாமல் போய்விட்டான். நான் இரண்டு முறை கூப்பிட்டேன். அவன்தான் அங்கே இல்லை, பந்தியைக் கவனிக்கப் போயிருந்தான். எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது.

வீடியோ இருக்கிறது. மூன்று வட்டு. தண்ணீர் ஊற்றுவது இரண்டாவதில். வெள்ளியன்று மடிக்கணினியோடு போவேன். எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டுவேன். பிறகு பேசட்டும்.

மாலை: திறக்கவில்லை. ‘படிமத்தை ஏற்ற முடியவில்லை.’ ஏழு முறை அதே பதில்.

இரவு உப்புமா. உப்பு போட மறந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. முழங்கால் வலி, இடது.

முறையாகச் செய்ய வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு நூலகப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு தனியாகக் கற்றவன் நான். வீட்டிலிருந்த வட்டுகளை எல்லாம் படிமக் கோப்புகளாக மாற்றி வன்தட்டில் போட்டதும் நான்தான். ஒரு வட்டுக்கு இரண்டு கோப்பு: பெரியதில் வீடியோ முழுவதும், சின்னதில் நாலைந்து வரி. சின்னதைத் திறந்தால் அது பெரியதைத் தேடி எடுக்கும்.

இன்று செய்தவை:
1. கணினியை அணைத்துப் போட்டேன். இல்லை.
2. வன்தட்டின் கேபிளை மாற்றினேன். இல்லை.
3. கோப்புகளைக் கணினிக்கே நகல் எடுத்தேன், 20 நிமிடம். இல்லை.
4. பெரிய கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை மாற்றினேன். இப்போது வேறு பிழைச்செய்தி. பழையபடி வைத்தேன்.
5. திறக்கும் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன். இல்லை.

அசல் வட்டு? மாற்றி முடித்ததும் எல்லாவற்றையும் நூலில் கோத்துப் பால்கனியில் தொங்கவிட்டேன், புறா வராமலிருக்க. சரசு அப்போதே சொன்னாள், வேண்டாம் என்று. இன்று நாற்காலி போட்டு ஏறி அவிழ்த்துப் பார்த்தேன். வெயிலில் வெள்ளி உரிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஊடே எதிர்வீடு தெரிகிறது. புறா எச்சம் வேறு.

வசந்தி போன். “அப்பா, சித்தப்பா பத்திரிகை அனுப்பியிருக்காரே, அதுவே பெருசு. போய்ட்டு வாங்க. இப்ப எதுக்கு அந்த வீடியோ?”

“நியாயம்னு ஒண்ணு இருக்கு.”

“அம்மா இருந்தா...”

“அம்மா என் பக்கம்தான் பேசுவா.”

வைத்துவிட்டாள். அல்லது தொடர்பு அறுந்தது.

நவம்பர் 12, புதன்

வெயில். துணி காய்ந்தது.

யாரிடமும் போவதில்லை என்றுதான் இருந்தேன். இரண்டு நாள்தான் இருக்கிறது என்பதால் போனேன். ராயப்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. நடத்துவது கஸ்தூரி என்ற அம்மாள், ஐம்பது இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. போன வருடம் விசைப்பலகை மாற்றிக் கொடுத்தவர்.

“இன்னா பெரியவரே, மெனு பூரா தமிழ்ல கீது? எது ஓப்பன் எது டெலீட்டுன்னே தெர்லியே.”

“தமிழ் படிக்கத் தெரியாதா?”

“படிப்பேன். கம்ப்யூட்டரு தமிழ்ல பேசி நான் பாத்ததில்ல.” சிரித்தார். “சி.டி. இன்னா ஆச்சு?”

“புறாவுக்குக் கட்டிட்டேன்.”

“பொறா வர்றது நின்னுச்சா?”

“இல்ல.”

கடையில் காத்திருந்த ஒருவன் இருமுவது போலச் சிரித்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

அந்த அம்மாள் கோப்புகளின் அளவைப் பார்த்தார். “சைஸு கரெக்டா கீது. ஃபைலு கெட்டுப் போவல. யாரோ நோண்டிகீறாங்க.”

“யாரும் தொடல. வீட்டுல நான் ஒருத்தன்தான்.”

“அப்ப நீங்கதான்.”

மடிக்கணினியை மூடினேன். “வுட்டுட்டுப் போங்க, சாயங்காலம் குடுக்கறேன்” என்றார். வேண்டாம் என்றேன். வாசல் தாண்டும்போது பின்னால் குரல்: “அந்தச் சின்ன ஃபைலத் தொறந்து உள்ள இன்னா எழுதிகீதுன்னு பாருங்க சார்!”

எனக்குத் தெரியாததா. ஆனால் பார்க்கவில்லை என்பது உண்மை.

திரும்பும்போது அரைக் கிலோ கொத்தவரங்காய். ஒருவனுக்கு அரைக் கிலோ எதற்கு? வாங்கிய பிறகு தோன்றியது.

நவம்பர் 13, வியாழன்

காலை மூடாப்பு. பேப்பர் வரவில்லை.

சின்னக் கோப்பைக் கணினியின் குறிப்பேட்டு நிரலில் திறந்தேன். முதல் வரியிலேயே அது தேட வேண்டிய பெரிய கோப்பின் பெயர், ஆங்கிலத்தில், ‘டிஸ்க் டூ’ என்று. என் வன்தட்டில் அப்படி ஒரு கோப்பே இல்லை. ‘அறுபதாம் கல்யாணம் இரண்டு’ என்றுதான் இருக்கிறது. ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து எல்லாக் கோப்பின் பெயரையும் தமிழாக்கினேன். யாரும் கேட்கவில்லை, நானே செய்தேன். வெளிப்பெயரை மாற்றியவன் உள்ளே எழுதியிருந்ததை மாற்றவில்லை. நோண்டியது நான்தான்.

சின்னக் கோப்புக்குள் தமிழ்ப் பெயரை எழுதிப் பார்த்தேன். மென்பொருள் அதை வரிசையாகக் கேள்விக்குறிகளாகப் படிக்கிறது. மூன்று விதமாகச் சேமித்தும் அதே. பதினொன்றரை வரை விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு இரண்டிலும் பழைய ஆங்கிலப் பெயரையே வைத்தேன்.

திறந்தது.

38ஆம் நிமிடம். மனையில் நானும் சரசுவும். சம்பந்தி வீட்டார் மேடையேறுகிறார்கள். வசந்திக்குக் கல்யாணமாகி நாலு மாதம் அப்போது. இடது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், பாலு. வேட்டியை மடித்துக் கட்டி, சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் இறுக்கி, தண்ணீர் ஊற்றத் தயாராக. பந்தியில் இல்லை. அங்கேயே நிற்கிறான்.

சரசு என் பக்கம் சாய்கிறாள். மைக் அருகில் இருந்ததால் தெளிவாகக் கேட்கிறது. “மொதல்ல தம்பியக் கூப்பிடுங்க. எவ்வளவு நேரமா நிக்குது.”

நான்: “அவன் எங்க போயிடப் போறான். சம்பந்தி ஊத்தட்டும்.”

மைக்கில் கேட்டிருக்கிறது. மண்டபம் முழுக்க.

பிறகு சம்பந்தி, சம்பந்தியின் தம்பி, அவர்கள் பக்கத்து யார் யாரோ. நான் ஒவ்வொரு பெயராகச் சொல்கிறேன், சிரித்தபடி. பாலு என்று ஒரு முறைகூட இல்லை. 51ஆம் நிமிடத்தில் குடம் காலி. அதற்குச் சற்று முன் தூணுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. எப்போது போனான் என்று பார்க்க நாலு முறை பின்னால் ஓட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டே போகிறான், பொத்தான் போடாமல்.

பதினெட்டு வருடம். எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது என்று சொன்னவன்.

சரசு குரல். ஆறு வருடம் கழித்து. வட்டு முழுவதிலும் அவள் பேசியது அந்த இரண்டு வாக்கியம்தான், அதுவும் என்னைத் திருத்துவதற்கு. மறுபடி கேட்டேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை.

மதியம் சாப்பிடவில்லை. கொத்தவரங்காய் அப்படியே.

நாலு மணிக்கு பாலுவுக்குப் போன். எண்ணை வசந்தியிடம் கேட்டு வாங்கினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

“யாரு?”

“நான்தான்டா.”

பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ பூக்காரரைப் பற்றிக் கத்துகிறார்கள்.

“அந்த வீடியோ திறந்துடுச்சு.”

“எந்த வீடியோ?”

“என் அறுபதாம் கல்யாணம். பாத்தேன். நீ... அங்கதான் நிக்கறே.”

“ஆமா. நான்தானே நின்னேன். எனக்கு வீடியோ எதுக்குண்ணே?”

மேலே என்ன சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். தாள் கையில் இருந்தது. படிக்க முடியவில்லை.

“அண்ணி சொன்னாங்க இல்ல, என்னைக் கூப்பிடச் சொல்லி?” என்றான்.

“சொன்னா.”

“அது போதும். நாளைக்கு வர்றதுன்னா வா. அதத் தூக்கிக்கிட்டு வராத.”

வைத்துவிட்டான். மன்னிப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்ல வந்தேனா என்றும் தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

4.40. மழை இல்லை. தெருவில் தண்ணீர் தேங்கி இருக்கிறது.

சவரம் செய்யும்போது தாடையில் வெட்டு. பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஆட்டோ ஐந்தரைக்கு.

அந்தக் கோப்பை அழித்துவிடலாமா என்று நினைத்தேன். சரசு பேசுகிறாள் அதில். அழிக்கமாட்டேன். ஆங்கிலப் பெயரே இருக்கட்டும். மடிக்கணினி மேசைமேல், மூடியபடி.

அங்கே போய் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. முன்வரிசையில் உட்கார எனக்கு முகம் இல்லை. மேடைக்குக் கீழே ஓரமாக நிற்பேன். அவன் கூப்பிட்டால் போவது.