பெத்லகேமில் ஒரு மாடி வீடு

1936 டிசம்பர் 22, செவ்வாய்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

கோவில் கிறிஸ்துமஸ் குடிலுக்காக இந்த வருஷமும் நான்தான் உழைத்தேன். பழைய காகிதத்தைக் கசக்கி, கஞ்சிப் பசையும் செம்மண்ணும் பூசி மலை செய்தேன். கேழ்வரகு தூவிப் புல் முளைக்க வைத்தேன். களிமண் ஆடுகளுக்குப் பஞ்சு ஒட்டினேன். இன்று மாலை என் மைத்துனர், தம் புது மாடி வீட்டைப் போலவே ஆள் வைத்துச் செய்த அட்டை வீடு ஒன்றைக் கொண்டுவந்து, மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் என் புல்லை நசுக்கி வைத்தார்.

"என்ன மச்சான் இது?"

"ஏன், பெத்லகேம்ல பெரிய வீடே இருக்காதா மாப்பிள்ளை? உங்க குடில் ஒரே ஏழைபாழையால்ல இருக்கு!"

ஒத்திகைக்கு வந்திருந்த கோவில் பாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். "நல்லாத்தானே இருக்கு, இருக்கட்டும் வாத்தியாரே" என்றார் என்னிடம் பங்குச் சாமியார். விளக்குச் செலவு மைத்துனருடையது, வேறென்ன சொல்வார்?

ஆடி மாதம் என் மனைவி டைபாய்டில் கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் அவருடைய அதே மாடி வீட்டில் ஓர் அறை கேட்டேன். சொந்தத் தங்கைக்கு இடமில்லை என்றார். பெயின்ட் காயவில்லையாம். அவளோ இன்று, "அண்ணன் வச்ச வீடு ரொம்ப அழகாமே?" என்கிறாள்!

மிச்சமிருந்த அட்டையில் விரலளவு பலகை வெட்டி, பெத்லகேமில் மாதாவுக்கும் சூசையப்பருக்கும் கிடைத்த அதே பதிலை, 'இடமில்லை' என்று எழுதி, அந்த அட்டை வீட்டு வாசலில் தொங்கவிடத் தோதாக நூலும் கட்டிவிட்டேன். காலையில் மைத்துனருக்குத் தபாலில் போடுவேன். பெயர் எழுதப்போவதில்லை. யார் கைவேலை என்று தெரிந்தால் தெரியட்டும்.