பாசக்காரர் கேடயம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே அம்மா நலம், என் வீட்டுக்காரர் நலம், என் தையல் மெஷின்கூட நலம். என் கைகள்தான் நாறுகின்றன. நான்கு நாளாக எலுமிச்சை போட்டுத் தேய்க்கிறேன், போகவில்லை. போனில் பேசினால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயத்துக்குப் பதில் வேண்டும். அதுவும் இருபத்து நான்காம் தேதிக்கு முன்னால் வேண்டும்.

அன்றுதான் தூண்டில் சங்கத்தின் பருவ நிறைவு விழா. இந்த வருஷம், நீ இரண்டு தடவை ஜெயித்த அந்தக் கோப்பையோடு புதிதாக ஒரு கேடயமும் தருகிறார்கள், பிடித்த மீனைப் பதமாக நடத்தி உயிரோடு தண்ணீரில் விடுகிறவருக்கு. அதற்கு உன் பட்டப்பெயரையே வைத்துவிட்டார்கள், பாசக்காரர் கேடயம். பாஸ் மீன் பிடிக்கிறவன் பாசக்காரன் என்ற அந்த ஒரு ஜோக்கைச் செயலாளர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் சார்பில் அதை என் கையால் கொடுக்க வேண்டுமாம். வாங்கப்போகிறவர் உன் சிநேகிதர் ரீல்காரர்.

மெஷினையே கட்டிக்கொண்டு அழாதே, என் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையாவது ஏரிக்குப் போ என்று சொல்லிவிட்டு வெளியூர் போனாய். ஒன்பது வாரம் போனேன். என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டிருந்தாயே, சொல்கிறேன். ரப்பர் புழுவில் தடவுகிற அந்த எண்ணெய் தலைமுடியில் பட்டால் மூன்று குளியலுக்கு இறங்காது. படகில் ஏறுகிற ஆண்கள் எச்சில் துப்பாமல் ஐந்து நிமிஷம் இருக்க மாட்டார்கள். மீன் மாட்டாதவன் காற்றைத் திட்டுவான், மாட்டியவன் கேட்காமலே கதை சொல்வான். எனக்கு ஐந்தாம் வாரம்தான் ஒன்றரைக் கிலோவில் ஒன்று மாட்டியது. நீ சொன்னபடி கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டேன். காய்ந்த கை பட்டால் அதன் மேலிருக்கும் வழுவழுப்பு போய்விடும், அப்புறம் பூஞ்சை பிடித்துச் செத்துப்போகும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். அது துள்ளிக்கொண்டு ஓடியபோது உன் தங்கை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

சங்கத்து விதி நீ அறியாததில்லை. அன்றைக்குப் பிடித்ததை அன்றைக்கே உயிரோடு தராசில் போட்டுவிட்டு, தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பத்து வார எடையையும் கூட்டித்தான் முதலிடம். ரீல்காரர் ஒவ்வொரு வாரமும் முந்திக்கொண்டு, கரையோரம் விட்டா பொழைக்காதுங்க, நானே ஆழத்துல கொண்டுபோய் விட்டுடறேன் என்று வாளியோடு கிளம்பிவிடுவார். உன்னிடம் கற்றதாம். அவர் கையில் இருக்கிற ரீலைவிட வாயில் விடுகிற ரீல் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் உருகினார்கள். எட்டாவது வாரம் அவர் தராசில் போட்ட மீனுக்கு மேலுதடு கிழிந்திருந்தது, வாலில் ஒரு ஓரம் இல்லை. ஒன்பதாவது வாரமும் அதே உதடு, அதே வால். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்கு எல்லா மீனும் ஒரே மாதிரிதான் தெரியும் என்று டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

போன வியாழக்கிழமை தையல் கடையில் கரண்ட் இல்லை. ஏரிக்குப் போய், பழைய பம்ப் ஹவுஸ் படிக்கட்டுப் பக்கம் தூண்டில் போட்டேன். கனமாக ஏதோ மாட்டியது. வாயெல்லாம் பல்லாக இழுத்தேன். வந்தது ஒரு வலைப்பை. படிக்கு அடியில் கயிற்றால் கட்டி முக்கி வைத்திருந்தது. உள்ளே நான்கு மீன்கள். இரண்டு செத்து ஊதிப்போய், வலைக் கண் வழியே தொட்டதும் தோல் விரலோடு வந்துவிட்டது. உயிரோடு இருந்த இரண்டுக்கும் நனைந்த பஞ்சை ஒட்டியதுபோல் உடம்பெல்லாம் பூஞ்சை. ஒன்றுக்கு மேலுதடு கிழிந்திருந்தது. வால், வலையில் உரசி உரசி முள் தெரிந்தது. படியிலேயே வாந்தி எடுத்தேன்.

பையைத் திறக்கப் பார்த்தால் ஜிப்பின் பிடி வெளியே இல்லை. உள்பக்கம் இருந்தது.

உன் முதல் கோப்பைக்குக் கொஞ்சம் முன்னால், ஈரத் துணி போட்டுவைக்க ஒரு வலைப்பை தைத்துத் தா என்று கேட்டாய். அவசரத்தில் ஜிப்பைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன், பிடி உள்ளே போய்விட்டது. பிரித்துத் தைக்கிறேன் என்றால் நீ விடவில்லை. உள்ள இருக்கறதே நல்லது, தானா திறந்துக்காது என்று வாங்கிக்கொண்டு போனாய். பச்சை நூல் தீர்ந்து, கடைசி ஒரு சாண் நீளத்தை ஆரஞ்சு நூலில் முடித்திருந்தேன். அது இன்னும் சாயம் போகாமல் இருக்கிறது.

ரீல்காரரிடம் நேரே போய்க் கேட்டேன். வெட்கமே இல்லை அந்த மனுஷனுக்கு. நான் புதுசா என்னத்தம்மா கண்டுபிடிச்சேன், உங்கண்ணன் விட்டுட்டுப் போன பைதானே, கோப்பை ரெண்டும் எப்படி வந்துச்சுன்னு நினைச்சீங்க என்று சிரித்தார். அவர் வாயில் வருவதெல்லாம் ரீல், இதுவும் ரீலாக இருக்கட்டும் என்று வீடு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மா உன் இரண்டு கோப்பைகளையும் மேஜையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். விழாவில் முன்வரிசையில் உட்காரப் புதுச் செருப்பு வேறு வாங்கிவிட்டாள். பார்க்கவே குமட்டியது. கோப்பையைச் சொல்கிறேன், அம்மாவை இல்லை.

நேற்று பத்தாவது வாரம், நான் போகவில்லை. ரீல்காரர் வெறுங்கையோடு வந்தாராம், ஆனாலும் முதலிடம் அவருக்குத்தான். செயலாளரிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பை யாருடையது என்று கேட்பார். திறக்காவிட்டால் அந்தக் கேடயத்தை இந்தக் கையால் தூக்கிக் கொடுக்க வேண்டும். உயிரோடு இருந்த இரண்டையும் அன்றைக்கே கையை நனைத்துக்கொண்டு எடுத்து வெளியே விட்டேன். ஒன்று மெதுவாக நீந்திப் போனது. உதடு கிழிந்தது மல்லாந்து மிதந்தது.

இந்தக் கவரில் அந்த ஜிப்பை வெட்டி வைத்திருக்கிறேன். மூன்று தடவை சோப்பில் அலசியும் வாடை போகவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு பார். செயலாளருக்கு நீயே நாலு வரி எழுது. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அந்தப் பை எப்போதோ தொலைந்துபோனது, ரீல்காரர் எடுத்திருப்பார் என்று நீ எழுதினால் நான் நம்பிவிடுவேன் அண்ணா. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், அப்படி எழுதிவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை