வாங்கியது நீதான் என்று எழுது

பாளையங்கோட்டை,
19.3.1995, ஞாயிறு.

அன்புள்ள பேரன் அலெக்ஸுக்கு,

உன் ஆச்சி ரோசம்மாள் எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. சுகமில்லாததால் அதை விட்டுவிட்டேன். உன் கப்பல் எந்தக் கடலில் நிற்கிறதோ தெரியாது. பம்பாய்க் கம்பெனி விலாசத்துக்குப் போட்டால் எப்படியும் கைக்கு வந்து சேரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதை நம்பி எழுதுகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இதுவரை உனக்கு வந்த என் கடிதம் எல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் பெண்டாட்டி ஆன்லின் எழுதியது. இதை யாரிடம் சொல்லி எழுத? அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருக்கும். பொறுமையாகக் கடைசி வரை வாசி.

இங்கே வெயில் ஏறிவிட்டது. ஆற்றில் முழங்காலுக்குத்தான் தண்ணீர். உன் அம்மை ரத்தக் கொதிப்பு மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடுகிறாள், அவளுக்கு ஒரு குறைவும் இல்லை. ஆன்லின் இந்த வீட்டில் இல்லை. அவளை அவள் அப்பா இன்னாசிமுத்து வந்து புன்னைக்காயலுக்குக் கூட்டிப் போய் ஏழு வாரம் ஆகிறது. உன் அம்மை உனக்கு எழுதியிருப்பாள். அவள் எழுதியது பாதிதான் இருக்கும். உன் ஞானஸ்நானத்தன்று வந்தவர் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு எனக்கு அடிச்சட்டிச் சோறு போட்டவள் அவள். முழுசாக எதையும் யாருக்கும் வைக்கமாட்டாள்.

வெட்கப்பட்டு மூடி மூடி எழுதினால் நீ புரியாதவன் போல் இருந்துவிடுவாய். அதனால் திறந்தே எழுதுகிறேன். ஆம்பிளை உடம்பில் இருப்பதைப் போலவே செய்த அந்த ரப்பர்ப் பொருள்தான் விஷயம். அதை வாங்கிக் கொடுத்தவன் நீ.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ கப்பலில் இருக்கும் மாதமெல்லாம் அவள் அறையில் துணைக்குப் படுத்தவள் நான் அல்லவா? முதல் இரண்டு வருஷம் அந்தப் பிள்ளை தூங்கியதே இல்லை. பல்லை நறநறவென்று கடிக்கும். விடிந்தால் தலைவலித் தைலம். நீ விடுப்பில் வந்தபோது இந்த மாதிரிப் பொருள்களின் படமெல்லாம் போட்ட ஒரு கலர்ப் புத்தகம் கொண்டு வந்தாய். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு கூடத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. முதலில் உன் இஷ்டத்துக்கு ஒன்று வாங்கி வந்தாய். பாட்டரி போட்டு ஓடுவது. உலக்கை மாதிரி இருந்ததாம், மாவு மில் மாதிரிச் சத்தமாம், புதுச் செருப்பு நாற்றமாம். அவளுக்குப் புண்ணாகிப் போனது. "ஆச்சி, எனக்கு என்ன வேணும்னு அவிய எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்று என்னிடம் அழுதாள். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் சொன்னாள்.

அடுத்த தடவை நீ சொல்லி, அவளே புத்தகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். சின்னதாக, மிருதுவாக, நாற்றமில்லாமல், ஓடாமல் ஆடாமல், தொட்டால் உடம்பு போலவே இருக்கிற ஒன்று. ஏன் அது என்று நான் கேட்டதற்கு, "கண்ண மூடிக்கிட்டா அவிய பக்கத்துல வந்து படுத்தது மாதிரி இருக்கு ஆச்சி" என்றாள். நீ ஹாம்பர்க்கில் வாங்கி வந்து கொடுத்தாய். எண்ணெய் படக்கூடாது என்று, அதற்கென்று வழுவழுப்பான களிம்பு டியூப் ஒன்றும் வாங்கி வந்தாய். முடிந்ததும் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, வெயில் படாமல் உலர்த்தி, வெள்ளைத் துணியில் சுற்றி வைக்கச் சொன்னவனும் நீதான். அவள் சொன்னபடியெல்லாம் செய்தாள். அவசரப்பட்டால் வலிக்கும், நிதானமாக இருந்தால் வலியில்லை என்று அவளாகத் தெரிந்துகொண்டாள். சில சாயங்காலம், "ஆச்சி, கொஞ்சம் கூடத்துல இருங்க" என்பாள். நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போவேன். பல் கடிப்பது நின்றது. தைலம் வாங்குவது நின்றது. மாவு பிசையும்போது பாட்டு வந்தது. இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்கு அகப்படவில்லை.

எனக்கும் இருபது வயது இருந்தது. உன் தாத்தா கொழும்பில் கடையில் இருந்தார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். பொழுது சாய்ந்தால் என் மாமியார் ஒரு மரக்கால் நெல்லைக் கொண்டுவந்து முன்னால் கொட்டுவாள். "குத்திட்டுப் படுட்டி. ஒடம்பு நொந்தாத்தான் தூக்கம் வரும்" என்பாள். குத்தினேன். கைதான் நொந்தது. அவள் செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்கு எல்லோர் கல்லறையிலும் மெழுகுதிரி ஏற்றுவேன், அவள் கல்லறையைத் தாண்டிப் போய்விடுவேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ வந்தால் உன் பெட்டியைக் கூடத்தில் வைத்து, சொந்தக்காரர் எல்லோர் முன்னாலும் திறந்து பங்கு வைக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். பிஸ்கட் டின் எல்லாம் உன் அம்மை பங்கு. அதில் காலியான ஒரு டின்னை ஆன்லின் எடுத்து, அதற்குள் அந்தப் பொருளை வைத்து, பீரோவுக்கு மேல் வைத்திருந்தாள். பொங்கல் கழிந்த மறுவாரம் கோயில் மாதா சபைப் பெண்கள் மூன்று பேர் திருவிழா வரி விஷயமாக வந்தார்கள். ஆன்லின் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். உன் அம்மைக்குப் பெருமை காட்ட வேண்டும். அவள் டின்னெல்லாம் தீர்ந்திருந்தது. "மருமவ ஒரு டின்னை ஒளிச்சு வச்சிருக்கா பாருங்க. எம் பிள்ளை கொண்டாந்ததை எனக்கே ஒளிக்கா" என்று சொல்லிக்கொண்டே போய் எடுத்து வந்தாள். "வேண்டாட்டி, அதுல தையல் சாமான் இருக்கும்" என்று நான் கத்தினேன். "ஒமக்கு எல்லாந் தெரியும், சும்மா இரும் அத்தை" என்று மூடியைத் திறந்து அவர்கள் முன்னால் நீட்டினாள். அதில் ஒருத்தி துணிச்சுற்றை எடுத்து, "வெளிநாட்டு மெழுகுதிரியாக்கா?" என்று கேட்டுக்கொண்டே பிரித்தாள்.

மூன்று பேரும் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனை போய்ச் சேருவதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் வந்த ஆன்லினை உன் அம்மை செருப்பைக் கழற்றவிடாமல் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். எவன் கொடுத்தான், எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டாள். அவள் வாயைத் திறக்கவில்லை. நான் ஜாடை காட்டினேன், சொல்லு சொல்லு என்று. அறைக்குள் வந்து என்னிடம், "நான் சொன்னா அவியளக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும் ஆச்சி. வெள்ளிக்கிழமை போன் வரும். அவிய வாயால சொல்லுவாவ. நீங்களும் அதுவரைக்கும் பேசாதிய" என்றாள். உன் மேல் அவ்வளவு நம்பிக்கை. அவள் கேட்டதற்காக நானும் பேசாமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டாய். தாவூதின் டெலிபோன் பூத்தில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே உன் அம்மை. வெளியே நானும் ஆன்லினும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். உள்ளே, "ஏலே, அது நீ வாங்கிக் குடுத்ததா? உள்ளதைச் சொல்லு" என்று உன் அம்மை கேட்டது ரோடு வரை கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்துபோய் வெளியே வந்தாள். "எம் பிள்ளைக்கு ஒன்னுந் தெரியாதாம். அப்படி ஒரு பொருளைக் கண்ணாலயே கண்டதில்லையாம்" என்றாள்.

என் மணிக்கட்டில் இருந்த பிடி விட்டுப் போனது. போனை வாங்கிப் பேசட்டும் என்று பார்த்தேன். அவள் கேட்கவே இல்லை. பைய நடந்து வீட்டுக்குப் போனாள்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். உன் அம்மை கேட்டால் உனக்குச் சின்ன வயதிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் கப்பல்காரர்கள் நின்றிருப்பார்கள். பெண்டாட்டிக்கு அதை வாங்கிக் கொடுத்தவன் ஆம்பிளையா என்று சிரிப்பார்கள் என்று பயந்திருப்பாய். பயந்தது நீ. தெருவில் நின்றது அவள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னாசிமுத்து வந்தார். நல்ல மனுஷன். தலையைத் தூக்கவில்லை. உன் அம்மை அந்த டின்னை அவர் முன்னால் வைத்து, "ஒம்ம மவ லட்சணத்தைப் பாரும் வே" என்றாள். பெற்ற தகப்பனுக்கு முன்னால் ஒரு பிள்ளை அப்படி நிற்கக்கூடாது. எனக்குப் பொறுக்கவில்லை. நீ வாங்கியது என்று நான் சொன்னால், உன் பேச்சுக்கு முன்னால் என் பேச்சு எடுபடாது என்று நினைத்தேன். அதனால் எழுந்து போய் டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அது என்னுது" என்றேன். "எம் பேரன்ட்ட நான் கேட்டு வாங்கினது. அவளை ஏன் பிடிச்சு இழுக்கிய?" என்றேன்.

எழுபத்தாறு வயதுக் கிழவி. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். இன்னாசிமுத்து கையெடுத்துக் கும்பிட்டு, "எம் மவளுக்காக இப்படியெல்லாம் பேசாதிய ஆச்சி" என்றார். உன் அம்மை, "கிழவிக்குப் புத்தி பேதலிச்சுட்டு" என்று ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். ஆன்லின் மட்டும் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கே போய்விட்டாள். ஒரு பை மட்டும் எடுத்துப் போனாள்.

மறுநாள் என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். இன்றைக்கு என்ன கிழமை, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். செத்ததும் இருப்பதுமாக எல்லாப் பிள்ளைகளும் பிறந்த தேதியைக் கிழமையோடு சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தூங்குவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் உன் அம்மையிடம் உண்மையைச் சொன்னேன். ஹாம்பர்க்கையும் கலர்ப் புத்தகத்தையும் சொன்னேன். "நேத்து ஒம்முதுன்னீரு, இன்னைக்கு எம் பிள்ளை மேல போடுதீரா?" என்றாள். அவ்வளவுதான். இப்போது நான் என்ன சொன்னாலும், "ஆச்சிக்கு மாத்திரை குடுத்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் சொன்ன ஒரு பொய், நான் சொல்லப்போகிற எல்லா உண்மையையும் தின்றுவிட்டது. உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். அவள் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். என்னைப் பைத்தியம் ஆக்கிவிட்டார்கள். மிச்சம் நீ ஒருவன்.

போன செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் புன்னைக்காயல் போனேன். ஏரல் தாண்டியதும் தலை சுற்றியது, இருந்தாலும் போய்ச் சேர்ந்தேன். பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முன்வாசலுக்கு வரவேண்டாம் என்று அவள் அம்மை சொல்லியிருக்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கழுத்து எலும்பு தெரிகிறது. நான் கொண்டு போன அல்வாவைப் பிட்டு வாயில் வைத்தேன், விழுங்காமல் அப்படியே வைத்திருந்தாள். நீ எழுதுவாய், நான் எழுத வைக்கிறேன் என்று சொன்னேன். "வேண்டாம் ஆச்சி. சொல்லணும்னு இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாவ" என்றாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வீட்டுக் கிணற்றுக்குப் புதிதாக ஒரு பலகை போட்டு, பூட்டுப் போட்டிருக்கிறார் இன்னாசிமுத்து. சாவி அவர் அரைஞாணில் இருக்கிறது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. 

ஈஸ்டர் பாஸ்கா முடிந்த வாரம் பங்குச் சாமியார் இரண்டு வீட்டாரையும் கூட்டிப் பேசுவதாக இருக்கிறார். உன் அம்மை அதற்குள் வேறு பெண் பார்க்கிற பேச்சை எடுத்துவிட்டாள். நீ உன் அம்மைக்கு எழுதாதே, அவள் கிழித்துவிடுவாள். எனக்கும் எழுதாதே, பைத்தியத்தின் கையில் கொடுக்கமாட்டார்கள். பங்குச் சாமியாருக்கு எழுது. வாங்கியது நான், அவளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது நான், போனில் சொன்னது பொய் என்று எழுது. அலங்காரம் ஒன்றும் வேண்டாம். நீ கல்யாணத்தன்று ரிஜிஸ்டரில் போட்ட அதே கையெழுத்தைப் போடு.

எழுதினால் அவள் திரும்பி வருவாளா என்று என்னைக் கேட்காதே. வரமாட்டாள் என்றுதான் எனக்குப் படுகிறது. வராதவளுக்காகவும் எழுது, மக்கா. அவள் அப்பா அவள் முகத்தைப் பார்த்து ஒரு வாய் சோறு சாப்பிடச் சொல்லட்டும். அது போதும்.

நீ பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் நான். உன்மேல் எனக்கு இதுவரை ஒரு மனத்தாங்கலும் கிடையாது. இந்த வீட்டில் அப்படி எனக்கு இருக்கிற ஒரே ஆள் நீதான். அதைக் கெடுத்துவிடாதே.

புயல் மழை இல்லாமல் உன் கப்பலைக் கடவுள் நடத்தட்டும். சீக்கிரம் எழுது. பூட்டை நம்பி எத்தனை நாளைக்கு ஒரு தகப்பன் கண்ணை மூடுவான்?

இப்படிக்கு,
உன் ஆச்சி
ரோசம்மாள்