மலர்க்கொடியின் ‘ழ’

ஞாயிறு இரவு, திருக்கோகர்ணம்

இன்று கட்டுமாவடி போய் மலர்க்கொடியைப் பார்த்துவிட்டு வந்தேன். கல்லூரியில் கடைசி வருட புராஜெக்டுக்குப் புதிதாக ஒரு தமிழ் எழுத்துரு செய்யலாம் என்று நாங்கள் இருவரும்தான் வரையத் தொடங்கினோம். பாதியில் அவளுக்குக் கல்யாணம் முடித்துப் படிப்பை நிறுத்திவிட்டார்கள். மீதியை நான் தனியாக வரைந்தேன்.

லேப்டாப்பைத் திறந்ததும் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நல்லா வந்திருக்குடி. ஆனா இந்த ‘ழ’ நான் போட்டது இல்லையே?”

“சார்தான் மாத்தச் சொன்னாரு. கீழ் வளைவு ரொம்பத் தொங்குதாம்.”

“அது அப்படித்தான் இருக்கணும். இங்கிட்டுக் குடு.”

மடியில் வாங்கி வைத்துக்கொண்டு வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தாள். ஹாஸ்டலில் செய்வதுபோலவே நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து அவள் மாமியார் கூப்பிட்டார். “இந்தா வாரேன் அத்தே” என்று எழுந்துவிட்டாள். நானும் கிளம்பினேன். வாசல் வரை வந்து, “சேவ் பண்ணிட்டேல்ல?” என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன்.

நாளை காலை காட்ட வேண்டும். சார் திட்டுவார். இருந்தாலும் அவள் இழுத்த வளைவை அப்படியே விட்டுவிட்டேன். புராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்தில் என் பெயருக்கு மேலே அவள் பெயரைச் சேர்த்திருக்கிறேன்.

இந்த எழுத்து ஏன் இப்படித் தொங்குகிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் பக்கத்தில் நின்றால் சொல்லுவாள்.