ஏழாவது கேள்வி

வியாழன் இரவு, மாத்தளை.

காணாமல் போனவர்களைப் பற்றி நான் எங்கே கூட்டம் வைத்தாலும் அரசாங்கப் புலனாய்வுக்காரர் ஒருவர் வந்துவிடுவார். கடைசிக் கதிரையில் உட்கார்ந்து, யார் என்ன கேட்கிறார்கள் என்று எழுதுவார். அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

இன்று யட்டவத்த ஊரில் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் எழும்பவில்லை. கொப்பியை மூடிவிட்டு, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், இத்தனை வருஷம் கழிச்சும் முறைப்பாடு குடுக்கலாமா?"

"யாருக்காக?"

"எங்க அண்ணனுக்கு. எண்பத்தொன்பதுல, ஸ்கூல் உடுப்போடயே ஆமிக்காரங்க கூட்டிட்டுப் போனாங்க."

படிவம் ஒன்று கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வாசல்வரை போய், யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே போனார்.

கேள்வி கேட்டவர்கள் ஏழு பேர் என்று என் குறிப்பில் எழுதியிருக்கிறேன். அவருடைய ரிப்போர்ட்டில் ஆறு பேராக இருக்குமோ?