திறக்காத சலவை இயந்திரமும் பதிவான மூன்று திருப்திகளும்

அனுப்புநர்:
நான்காம் மாடி, இரண்டாம் எண் வீட்டின் உரிமையாளர்
(பெயரும் வாடிக்கையாளர் எண்ணும் இணைப்பு 1-இல் உள்ளன)

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
நகர நுகர்வோர் குறைதீர் அலுவலகம்

பொருள்: சலவை இயந்திரம் பழுது – பழுது நீக்காமலேயே நீக்கியதாகப் பதிவு செய்தது – பழியைப் படுக்கையில் இருக்கும் நோயாளியின் மேல் போட்டது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: நிறுவனத்தின் ஜூலை 9 நாளிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

உங்கள் அறைக்கு வெளியே உள்ள பலகையில் பதவி மட்டுமே எழுதியிருப்பதால் ஐயா என்றோ அம்மையார் என்றோ விளிக்க இயலவில்லை. பொறுத்தருள்க.

1. முதலில் ஒரு திருத்தம். சென்ற மாதக் கடைசியில் எங்கள் நான்காம் மாடியில் வீசிய நாற்றம் என் நாத்தனாரிடமிருந்து வரவில்லை. நான் அவளைக் கவனிக்காமல் போட்டுவிட்டேன் என்று லிஃப்டிலும் மாடிப்படியிலும் பேசிக்கொள்வது பொய். நாற்றம் வந்தது என் சலவை இயந்திரத்திலிருந்து. அதைப் பன்னிரண்டு நாள் பூட்டிவைத்தது அதை விற்ற நிறுவனம்.

2. நாத்தனார் என் காலஞ்சென்ற கணவரின் தங்கை. என்னைவிட ஐந்து வயது இளையவள் என்பதால் இம்மனுவில் அவள் என்றே எழுதுகிறேன். பக்கவாதத்தால் இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறாள். நாங்கள் ஒரே கூரையின் கீழ் நாற்பத்து மூன்று ஆண்டுகள் இருந்திருக்கிறோம். அவற்றில் முதல் இருபதில் சாவி எங்கே, தபால் வந்ததா என்பதைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. பாசத்தால் மிகைப்படுத்துகிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைத் தெரிவிக்கிறேன். அவளுக்கு நாளொன்றுக்கு மூன்று படுக்கை விரிப்புகள் மாற்ற வேண்டும். சில நாள் நான்கு. ஒவ்வொன்றையும் நான் குளியலறையில் கையால் அலசிய பிறகே இயந்திரத்தில் போடுவேன். அலசாமல் போட்டது ஒரு நாளும் இல்லை.

3. ஜூன் 3 அன்று வருடாந்தர சர்வீஸுக்காக நிறுவனத்தின் மெக்கானிக் ஒருவர் வந்தார். குளியலறைக்குப் போகும் வழியில் என் நாத்தனாரின் கட்டிலைப் பார்த்தவுடன் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். அன்று காலை ஏழு மணிக்கே அவளைக் குளிப்பாட்டி, விரிப்பு மாற்றி, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். எந்த வாடையும் இல்லை. "இந்த நாத்தத்துல எப்படிம்மா இருக்கீங்க?" என்று அவள் காதுபடக் கேட்டார். அவளுக்குக் கால் வராதே தவிர, காது நன்றாகவே கேட்கும். பிறகு மஞ்சள் ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு, இயந்திரத்தின் அடியிலுள்ள வடிகட்டியைக் கழற்றித் துழாவி மூடினார். போகும்போது ஒரு கையுறையைக் கழற்றி இயந்திரத்துக்குப் பின்னால் எறிந்துவிட்டுப் போனார். குப்பைக்கூடை இரண்டடி தூரத்தில் இருந்தது.

4. ஜூன் 22 அன்று இயந்திரம் பாதியில் நின்றது. உள்ளே இரண்டு விரிப்புகளும் முக்கால் தொட்டித் தண்ணீரும் இருந்தன. கண்ணாடிக் கதவு முன்பக்கம் திறக்கும் வகை இது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பூட்டு விடாது. அன்றே புகார் பதிந்தேன். கதவையோ அடியிலுள்ள மூடியையோ தொட்டால் சீல் உடையும், உடைந்தால் பொறுப்பேற்க மாட்டோம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். தொடவில்லை. விதி என்று சொன்னால் கீழ்ப்படிந்தே பழகிவிட்டேன். இந்த விஷயத்தில் அந்தப் பழக்கம் என் தவறு. அதையும் பதிவு செய்கிறேன்.

5. ஜூன் 24 அன்று வந்தவர் இயந்திரத்தின் மேல்மூடியைத் திறந்து, "போர்டு போயிடுச்சு மேடம்" என்றார். இயந்திரத்துக்கு மூளை போன்ற அந்தப் பலகையைக் கழற்றித் தம் பைக்குள் போட்டுக்கொண்டார். ரசீது கேட்டேன். "ரசீதெல்லாம் சிஸ்டத்துல வரும். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க, அதைச் சொல்லுங்க. நான் வந்தேன்னு காட்டணும்" என்றார். சொன்னேன்.

6. ஜூன் 28 அன்று வேறொருவர் வந்தார். அதற்குள் கண்ணாடியின் உட்புறம் பச்சையாக ஏடு படிந்திருந்தது. ரப்பர் வளையத்தின் ஓரமாக ஒரு சாம்பல் நிறத் திரவம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, நான் வைத்த தட்டில் தேங்கி நின்றது. அவர் குளியலறைக்குள் ஒரு காலை மட்டும் வைத்தார். "ஐயோ, இதை மனுஷன் தொடுவானா?" என்று சொல்லிவிட்டு நம்பர் கேட்டார். வந்ததற்கு அடையாளம்தானே என்று அதையும் சொன்னேன்.

ஜூலை 2 அன்று மூன்றாமவர் கீழேயிருந்து கூப்பிட்டார். "கேட்ல நிக்கிறேன் மேடம், நம்பர் சொன்னாத்தான் செக்யூரிட்டி உள்ள விடுவாராம்." சொன்னேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். அவர் மேலே வரவே இல்லை. காவலாளியிடம் விசாரித்தபோது அப்படி ஒருவர் வரவுமில்லை, தாம் யாரையும் நம்பர் கேட்பதுமில்லை என்றார்.

7. மறுநாள் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். மிக இனிமையான குரலில் ஒரு பெண், "உங்க கம்ப்ளைன்ட் மூணு தடவை க்ளோஸ் ஆயிருக்கு மேடம். மூணு தடவையும் வேலை திருப்தின்னு நீங்களே கன்ஃபர்ம் பண்ணியிருக்கீங்க" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் குறுஞ்செய்திகளை முழுவதும் படித்தேன். எண்ணுக்குக் கீழே, இதைத் தெரிவிப்பதன் மூலம் பணி திருப்திகரமாக முடிந்ததென உறுதி செய்கிறீர்கள் என்றிருந்தது. மூன்றிலும் அதே வாசகம். மூன்றிலும் நான் முதல் வரியோடு நின்றிருக்கிறேன். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று கான்வென்டில் எங்கள் சிஸ்டர் எட்டு வயதிலேயே சொல்லிக்கொடுத்தார். நான்கு இலக்க எண்ணும் கையெழுத்துதான் என்று சொல்லிக்கொடுக்க அவர் காலத்தில் அவசியம் ஏற்படவில்லை.

போர்டைத் திருப்பிக் கேட்டேன். "உங்க பேர்ல எந்த போர்டும் எங்ககிட்ட இல்லையே மேடம். வேலை முடிஞ்சிடுச்சுன்னுதான் இருக்கு" என்றார் அதே இனிமையோடு.

8. ஜூலை 4 அன்று சீலைப் பற்றிய கவலையை விட்டேன். தெருமுனையில் கடை வைத்திருக்கும், எல்லாரும் மிக்ஸி டாக்டர் என்று கூப்பிடும் பழுதுபார்ப்பவரை அழைத்தேன். அவர் மூக்கைப் பொத்தவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அடியிலுள்ள சின்ன மூடியைத் திறந்தார். என் புகாருக்குப் பின் நிறுவனம் அனுப்பிய மூவரில் ஒருவரும் அதைத் திறக்கவில்லை. ஏழு வாளி தண்ணீர் வந்தது. அதன் நிறத்தையும் வாடையையும் எழுதினால் இந்தத் தாளை நீங்கள் கையில் வைத்திருக்க மாட்டீர்கள், எனவே எழுதவில்லை. விரிப்புகள் துணியாக வரவில்லை, கூழாக வந்தன. பிறகு பம்புக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு பொருளை இழுத்தார். அது ஒரு மஞ்சள் ரப்பர் விரல்.

"அம்மா, நல்லவேளை, உள்ள நிஜ விரல் இல்ல" என்றார். "மெஷின் மேல தப்பே இல்ல. போர்டு மேலயும் இல்ல. இது அடைச்சதுதான்."

இயந்திரத்துக்குப் பின்னால் ஜூன் 3 அன்று எறியப்பட்ட கையுறை அப்படியே கிடந்தது. அதில் நான்கு விரல்களே உள்ளன. மணிக்கட்டுப் பகுதியில் நிறுவனத்தின் முத்திரை அச்சாகியிருக்கிறது. கையுறை இணைப்பு 2. ஐந்தாவது விரல் மூடிய கண்ணாடிப் புட்டியில் இணைப்பு 3. புட்டியைத் திறக்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

9. இவ்வளவுக்கும் பிறகு நிறுவனம் ஜூலை 9 அன்று எழுதிய கடிதத்தில் கண்டுள்ளதை அப்படியே தருகிறேன்: "நோயாளியின் கழிவு கலந்த துணிகளைத் தொடர்ந்து துவைத்ததால் பம்ப் அடைபட்டது. இது வாடிக்கையாளரின் தவறான பயன்பாடு." ஒருவரும் திறந்து பார்க்காத பம்பில் என்ன அடைத்திருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? மூன்று முறை சரிசெய்ததாகப் பதிவான இயந்திரத்தைப் பற்றி இப்படி ஒரு கடிதம் எதற்கு? இவற்றை அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டும். நான் கேட்டால் நம்பர் கேட்கிறார்கள்.

அக்கடிதத்தின் நகல் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கும் போயிற்று. அவர் தாமே முன்வந்து நிறுவனத்திடம் விசாரித்திருந்தாராம். "நான்காம் மாடியில் சுகாதாரக் குறைபாடு" என்று தலைப்புக் கொடுத்து லிஃப்டில் ஒட்டிவிட்டார். ஒட்டுவதற்குமுன் என் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்கும் மரியாதை அவருக்கு இல்லை. மூக்கைப் பொத்தியவரைவிட இவர்மேல் எனக்கு அருவருப்பு அதிகம். அவராவது வீட்டுக்குள் வந்து பொத்தினார்.

10. நான் எழுத வந்த காரணம் இதுவரை சொன்னதில் இல்லை. அந்தக் கடிதம் வந்தபோது நான் குளியலறையில் விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தேன். எழுபத்தாறு வயதில் ஒரு முனையைக் குழாயில் சுற்றி, மறுமுனையை முறுக்கித்தான் பிழிய முடிகிறது, அதனால் நேரமாகிறது. தபாலை வாங்கிய பக்கத்து வீட்டுப் பெண் அதை என் நாத்தனாரின் கையில் கொடுத்திருக்கிறாள். அவள் படித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் மாத்திரைக்கு ஒரு டம்ளர், மாலையில் மாத்திரைக்கு ஒரு டம்ளர், அவ்வளவுதான். ஆறு டம்ளராவது போக வேண்டும், இல்லையென்றால் சிறுநீரகம் கெடும் என்பது மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னது. கெஞ்சினால், "தாகமே இல்ல அண்ணி" என்கிறாள். உதடு வெடித்திருக்கிறது. நாளுக்கு நான்கு விரிப்பு வந்த இடத்தில் இப்போது ஒன்றே வருகிறது. என் வேலையைக் குறைத்துவிட்டதாக அவள் நினைக்கிறாள்.

புட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையுறையையும் பக்கத்தில் வைத்து விரல்களை எண்ணிக் காட்டினேன். "எனக்காக என்னத்தையோ பாட்டில்ல போட்டுக் காட்டறீங்க அண்ணி. கடுதாசியில டைப் அடிச்சிருக்கே" என்றாள். அவள் நீதிமன்றத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தவள். தாளில் வந்தது அவளுக்குத் தீர்ப்பு. நான் வாயால் சொல்வது வெறும் ஆறுதல்.

11. ஆகவே நிறுவனம் எடுத்துச்சென்ற போர்டைத் திரும்பப் பெற்று இயந்திரத்தை ஓடவைக்கவும், நான் அறியாமல் கொடுத்த மூன்று திருப்திகளையும் பதிவேட்டிலிருந்து அடிக்கவும், சங்கச் செயலாளர் ஒட்டிய தாளை அவரைக் கொண்டே கிழிக்கவைக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இவற்றுக்கு விசாரணை, நோட்டீஸ், வாய்தா என்று நாளாகும் என்பதை அறிவேன். அதுவரை கையால் துவைப்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

காத்திருக்க முடியாதது ஒன்றே ஒன்று. இணைப்பு 2-ஐயும் 3-ஐயும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பம்ப் அடைபட்டது மெக்கானிக்கின் கையுறையால், நோயாளியால் அன்று என்று இரண்டு வரி, தட்டச்சில், உங்கள் கையொப்பத்தோடும் அலுவலக முத்திரையோடும் வேண்டும். அதில் என் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என் நாத்தனாரின் பெயருக்கு அனுப்புங்கள். அதை அவள் படித்து முடிக்கும்போது நான் டம்ளரோடு பக்கத்தில் இருப்பேன்.

எழுத்து மூலமான பதிலை உடனே அனுப்பக் கோருகிறேன்.

இடம்: மேற்படி வீடு
நாள்: ஜூலை 17

இப்படிக்கு,
(ஒப்பம்)
நான்காம் மாடி, இரண்டாம் எண் வீட்டின் உரிமையாளர்